ஒரு சொல்லுக்கு மூன்று நாள்

அந்த ஃபேக்ஸ் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பதினொரு வரி. எழுத்தெல்லாம் மங்கிப்போய் இப்போது வெறும் வழவழப்பான பழுப்புத் தாள்தான். ஆனாலும் ஆறாவது வரியின் நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். 'காட் பாக்டு டவுன்' என்று இருந்தது.

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு சின்னச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரும் தொடர்கள் ஏராளம். முப்பத்து நாலு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். அப்படிப்பட்ட எழுநூற்றுப் பன்னிரண்டு தொடர்களைக் கோடு போட்ட நோட்டுகளில் பொருளோடும் உதாரணத்தோடும் எழுதி வைத்திருந்தேன். அந்த எழுநூற்றுப் பன்னிரண்டில் என் குடும்பத்துக்குக் கெடுதல் செய்தது இந்த 'பாக் டவுன்' ஒன்றுதான். சொல்லின் மேல் பழியைப் போடுவது சுலபம் என்பதும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் குடியிருந்தோம். முன்பெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் நாலு மில் சங்கு கேட்கும். அந்த வருஷம் ஒன்றுதான் கேட்டது. நின்றுபோன மூன்றில் ஒன்று என் மகன் வேலை பார்த்த மில். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒன்பது வருஷம் அங்கே மெயின்டனன்ஸில் இருந்தான். மில்லை மூடிவிட்டோம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேலை கிடையாது. ஆனால் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

நோட்டீஸ் ஒட்டி ஐந்து மாதம் ஆனபோது, கணபதியில் பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு முதலாளி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர் தகப்பனார் பருத்தி விவசாயி. இவர் ஒற்றை லேத்தில் தொடங்கி இருநூற்றுப் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து பம்ப் வாங்குகிறவர் ஒருவர் நேரில் வரப்போகிறார் என்றார். "மேனேஜர்தானுங்க பேசறாரு. பக்கத்துல நான் தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது எனக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். அதற்குள் தானே நாலு வார்த்தை பேசும்படி ஆக வேண்டும்.

ஒப்புக்கொண்டேன். காப்பி வந்தது. குடித்துக்கொண்டே அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பையன் எங்கீங்க இருக்காரு?"

"மில்லுலதானுங்க. மெயின்டனன்ஸ்."

எந்த மில் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை என் மகன் சட்டென்று அணைத்த சத்தம் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. முதலாளி டம்ளரைப் பார்த்துக்கொண்டு "நல்லதுங்க" என்றார்.

அவர் கார் தெருவைத் தாண்டுவதற்குள் என் மனைவி வந்து நின்றாள். "மில்லுல இருக்கறானா? மில்லு எங்கீங்க இருக்குது?" என்றாள். பெயர் பதிவேட்டில் இருக்கிறதே என்றேன். "அப்ப அந்தப் பதிவேட்டையே ஒலையில போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போனாள்.

என் கணக்கு அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இந்தப் பாடத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு மனிதருக்குப் படிப்பைக் கொடுத்தால், அவர் தாமாகவே கேட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொள்வார். நாமாகப் போய்க் கேட்டால் கற்றுக்கொடுத்தது கூலியாகிவிடும். எங்கள் பக்கத்தில் தனக்கென்று ஒன்றை நேராகக் கேட்பது தரக்குறைவு. கேட்கிறவன் சாடையாகச் சொல்வான், கொடுக்கிறவன் புரிந்துகொண்டு கொடுப்பான். நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

மகன் இதைவிடச் சுலபமான வழி ஒன்றைச் சொன்னான். "கம்பெனி கேட்டுல போயி நானே ஒரு அப்ளிகேசன் எழுதிக் குடுத்தர்றனுங்கப்பா. எல்லாரும் குடுக்கறாங்கல்ல." கூடாது என்றேன். வாத்தியார் மாடியில் பாடம் நடத்துகிறார், அவர் மகன் கீழே கேட்டில் வாட்ச்மேனிடம் நிற்கிறான் என்ற பேச்சு வரக்கூடாது. "நான் பாத்துக்கறேன் கண்ணு" என்றேன். சரிங்கப்பா என்று உள்ளே போய்விட்டான். அப்போது அவனுக்கு வயது முப்பத்தொன்று, ஒரு பெண் குழந்தை முதல் வகுப்பில்.

தினமும் காலை ஆறேகாலுக்கு வெள்ளை அம்பாசிடர் வரும். ஆறரைக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குப் பாடம் முடியும். எட்டு மணி ஷிப்டுக்கு முன் அவர் கீழே இறங்க வேண்டும். ஆபீஸ் அறை மாடியில், இரும்புப் படிக்கட்டு, இருபத்திரண்டு படி. ஒரு கரும்பலகை வாங்கி வைத்திருந்தார். எனக்கு இரண்டு காப்பி. அவர் நல்ல மாணவர், அதில் குறை சொல்ல மாட்டேன். சொன்னதை எழுதுவார், மறுநாள் ஒப்பிப்பார், ஒரு நாளும் கொட்டாவி விட்டதில்லை.

முதல் பதினெட்டு நாளில் ஒன்பது தடவை சாடை சொன்னேன். டிப்ளமோ படித்தவர்களுக்கு இப்போது எங்கே வேலை இருக்கிறது என்றேன். மில் தொழிலே ஆட்டம் கண்டுவிட்டது என்றேன். வீட்டில் பொழுது போகாத இளைஞர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கையில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மேலே எதுவும் கேட்க மாட்டார். அந்த மௌனத்தை நான் மறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த தொடருக்குப் போய்விடுவேன்.

பத்தொன்பதாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. சுருண்டிருந்த தாளை மேசை மேல் விரித்து, இரண்டு முனையிலும் பேப்பர் வெயிட் வைத்து, ஆறாவது வரியில் விரலை வைத்தார்.

"இது என்னங்க சார்? திட்டறானுங்களா?"

"திட்டலீங்க. நம்ம ஆர்டர் எங்கியோ சிக்கி நின்னுபோச்சாட்டம் இருக்குதுன்னு சொல்றான்."

"அவ்வளவுதானுங்களா?"

அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "அப்படிச் சுருக்கமா விட்டுற முடியாதுங்க" என்று சாக்பீஸை எடுத்தேன்.

அன்று முழுவதும் அடிப்படைப் பொருள். பாக் என்றால் சதுப்பு நிலம். நம் பக்கத்தில் சதுப்பு எங்கே இருக்கிறது? ஆனால் மழை பெய்த கரிசல் காடு இருக்கிறது. லோடு ஏற்றிய லாரி அதில் இறங்கினால் என்ன ஆகும் என்று பலகையில் லாரி வரைந்து காட்டினேன், ஆறு சக்கரமும் தெரியும்படி. சிக்கிக்கொள்வது வேறு, இது வேறு என்றேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் பாக் டவுன் ஆகவில்லை. கதவு திறந்தால் அவன் அப்படியே வெளியே வந்துவிடுவான். பாக் டவுன் ஆவது போய்க்கொண்டிருக்கிற ஒன்று. அது தன் பாரத்தாலேயே இறங்குகிறது. முறுக்க முறுக்கச் சக்கரம் இன்னும் ஆழமாகப் பள்ளம் பறிக்கும். யாரும் வெளியிலிருந்து பூட்டவில்லை. இந்த வேறுபாட்டை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

இரண்டாம் நாள், லாரியை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு வந்தேன். பேச்சுவார்த்தை பாக் டவுன் ஆகலாம், கோர்ட்டில் வழக்கு ஆகலாம், பாகப்பிரிவினை பேசப் போய்க் கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்து நின்றுவிட்டால் அதுவும் ஆகலாம். ஆட்களும் ஆவார்கள். பவானிக்கு ஜமக்காளம் வாங்கப் போனவன் நூல் எத்தனையாம் நம்பர், சாயம் எந்த ஊர் என்று விசாரித்தே பொழுதைச் சாய்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், அவன் விவரங்களில் பாக் டவுன் ஆகிவிட்டான் என்று சொல்ல வேண்டும். முதலாளி சிரித்தார். நான் அந்த உதாரணத்தைப் பற்றிப் பெருமையாகக்கூட நினைத்தேன்.

அன்று திரும்பும்போது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஃபேக்ஸுக்கு நேத்து மத்தியானமே மேனேஜர் பதில் அனுப்பிப் போட்டாருங்க சார். கரண்ட் கட்டு, காஸ்டிங் லேட்டுன்னு ரெண்டு வரி. நீங்க இன்னும் லாரிய சேத்துலயே உட்டுவெச்சிருக்கறீங்களாமா?" மாடியில் நடப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

மூன்றாம் நாள் நடத்தியதுதான் அந்தத் தொடரைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே நுட்பமானது. ஆங்கிலக்காரன் இதைப் பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகத்தான் சொல்வான். ஆர்டர் நின்றுவிட்டது, ஃபைல் நின்றுவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. நிறுத்தியது யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. யாரையும் சுட்டாமல் குறை சொல்ல வசதியான தொடர். ஆபீஸ் கடிதங்களில் இதற்கு இருக்கும் மவுசு அதனால்தான் என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவரையே சொந்தமாக நாலு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார். தன் மெயின்டனன்ஸ் பிரிவு பாக் டவுன் ஆகியிருக்கிறது. அங்கே ஓர் இடம் காலி. டிப்ளமோ படித்த, அனுபவமுள்ள ஆள் வேண்டும். இருபது நாளாகத் தேடுகிறார். கேட்டபடி சரியாக நாலு வாக்கியம். சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார்.

"சரியாச் சொன்னனுங்களா சார்?"

"சரிதானுங்க. கடைசி வாக்கியத்துல மட்டும் இருபது நாளுக்கு முன்னால 'ஃபார்' வரோணுங்க. உட்டுட்டீங்க" என்றேன்.

பலகையில் அந்த மூன்றெழுத்தை எழுதி அடிக்கோடும் போட்டேன். அவர் பார்த்து எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். மணி ஏழே முக்கால்.

பதினாலாவது படியில் எனக்கு உறைத்தது. அங்கேயே நின்றேன். கைப்பிடிக் கம்பி காலைக் குளிரில் சில்லென்று இருந்தது. மேலே ஏறப் பதினாலு படி, கீழே இறங்க எட்டு. ஏறியிருக்கலாம். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவது? முதல் நாள் பையன் மில்லில் இருக்கிறான் என்று சொல்லியாகிவிட்டது. இப்போது இல்லை என்றால் அன்றைக்குச் சொன்னது பொய்யாகும். நாளைக்குப் பக்குவமாக ஆரம்பிப்போம் என்று எட்டுப் படியையும் இறங்கிவிட்டேன்.

மறுநாள் கார் வரவில்லை. முதலாளி பம்பாய் போயிருக்கிறார், வர எட்டு நாள் ஆகும் என்று போனில் சொன்னார்கள்.

அந்த எட்டு நாளுக்குள்தான் வால்பாறை வேலை வந்தது. மில்லில் மகனோடு இருந்த ஒருவன் அங்கே ஒரு டீ ஃபேக்டரியில் சேர்ந்திருந்தான். அங்கே மெக்கானிக் வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். புதன்கிழமை சாயங்காலம் மகன் என் எதிரில் வந்து நின்றான்.

"அங்க கேட்டீங்களா, இல்லீங்களாப்பா?"

கேட்கவில்லை என்று சொன்னால் இருபத்தொரு நாள் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒன்பது சாடை, ஒரு லாரிப் படம், ஒரு 'ஃபார்'. என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"கேட்டேன் கண்ணு. இப்பத்திக்கு எடமில்லைன்னுட்டாரு."

 "ஓசியில இங்கிலீசு மட்டும் வேணுமாக்கும்" என்றான். ஏன் என்று தெரியவில்லை, அதைக் கேட்டதும் எனக்கே அந்த முதலாளி மேல் கோபம் வந்தது. மறுப்புச் சொன்னவர் மீது வருகிற கோபம் போலவே இருந்தது.

திங்கட்கிழமை கிளம்பிப் போனான். குழந்தையின் படிப்புக்காக மருமகள் எங்களோடு இருந்துகொண்டாள். ஒரே ஒரு தடவை எல்லோரும் பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தோம். மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பேத்தி பதினொன்றாம் வளைவில் வாந்தி எடுக்க ஆரம்பித்து, முப்பத்தாறு வரைக்கும் எடுத்தாள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சுவரில் கை வைத்தால் ஈரம். கொடியில் கிடந்த அவன் சட்டை மூன்று நாளாகக் காயவில்லை என்றான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் வீட்டுக்கு வந்து போனான். குழந்தை முதல் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்குப் போகும்வரை அப்படித்தான்.

பம்பாயிலிருந்து முதலாளி வந்ததும் பாடம் தொடர்ந்தது, பையன் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. பம்ப் வாங்குகிற அந்த வெள்ளைக்காரர் வந்து போன மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தார். தட்டு நிறையப் பழம், ஒரு வேட்டி சட்டை. முக்கால் மணி நேரம் தானே பேசியதாகச் சொன்னார். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம்தான் என்றார். என் தொடர்களில் எத்தனையைப் பயன்படுத்தினார் என்று கேட்டேன். கூச்சத்தோடு சிரித்தார். ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது. ஆர்டர் மட்டும் கைவிட்டுப் போகவில்லை.

பிறகு குரலைத் தணித்து, "பையன் வால்பாறைக்குப் போயிட்டாருன்னு டிரைவர் சொன்னானுங்க" என்றார்.

"ஆமாங்க. நல்ல எடம்."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த மில்லு நின்னது ஊருக்கே தெரியுமுங்க சார். நீங்க இருக்கறான்னு சொன்னதுக்கப்புறம் நானா எப்படீங்க இல்லைன்னு சொல்றது? உங்க மனசு சங்கடப்படுமல்லங்க. நீங்களே ஒரு வார்த்த எடுப்பீங்கன்னு எடத்தக் காலியாவே போட்டு வெச்சிருந்தனுங்க. அன்னிக்கு இங்கிலீசுல வேற சொல்லிப் பாத்தேன். நீங்க படியில நின்ன சத்தம் கேட்டுது. திரும்பி வருவீங்கன்னு பாத்தனுங்க."

இப்போது அந்த இடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். இவ்வளவு நாளில் வேலையைப் பற்றி அவரிடம் நான் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். பத்து நாளைக்கு முன் நிரப்பிவிட்டார். கோட்டைமேட்டில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஏதோ பில் விஷயமாக வந்தவர், படியேறியதும் முதல் வாக்கியமாக, தன் மகனுக்கு வேலை வேண்டும் என்று கேட்டாராம். இவரும் சரி என்றுவிட்டாராம். "அவரு கேட்டுப்போட்டாருங்க" என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"அதனால என்னங்க, எம் பையனுக்கு அங்கதான் புடிச்சிருக்குதாம்" என்றேன்.

மனைவி அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். மருமகள் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையைக் கூப்பிடப் போயிருந்தாள். அந்தப் பேச்சை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. இது ஒரு சௌகரியம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மகன் மூன்று வருஷம் கழித்து மலையிலிருந்து இறங்கி வந்தான். மூச்சிழுப்போடு வந்தான். ஈரக் காற்றுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். சின்னதாக ஒரு ரிப்பேர் பட்டறை போட்டுக்கொண்டான். அந்த வருஷக் கோடையில் வீட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வாங்க நானும் அவனும் டவுனுக்குப் போனோம். கடைக்காரர் அந்த முதலாளியின் கம்பெனி மோட்டாரைத்தான் எடுத்து முன்னால் வைத்தார். பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்றார். மகன் அதைத் தொடக்கூட இல்லை.

"எங்கப்பாகிட்ட ஓசியில படிச்சுப்போட்டு எடமில்லைன்னு சொன்ன ஆளு செஞ்சதுங்க அது. வேற காட்டுங்க" என்றான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் அவன் அதைச் சொன்னான். என் மரியாதைக்காக. நான் வாயைத் திறந்தேன். வேறு கம்பெனியில் எத்தனை ஹார்ஸ் பவர் இருக்கிறது என்று கேட்டேன்.

அன்றிலிருந்து சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்து நிறுத்தியது பதினேழு தடவை. மனைவியிடமும் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வேறு கம்பெனி மோட்டார் வாங்கிய நாளிலிருந்து நாலு தடவை அதன் கம்பிச் சுருள் எரிந்துபோயிற்று. ஒவ்வொரு தடவையும் என் மகன்தான் கிணற்றில் இறங்கி அதைக் கழற்றுகிறான். பாதிப் படி ஏறியதும் மூச்சு வாங்க நிற்பான். நின்றபடியே, நல்லவேளை, அந்த ஆள் மோட்டாரை வாங்கவில்லை என்பான். நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.